நாலு பக்கமும் பத்துக் கயிறு

கெங்கம்மாளுக்கும் அவள் புருஷனின் அண்ணன் அர்ச்சுனனுக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. பேச்சுதான் நின்றதே ஒழிய ஏச்சு நிற்கவில்லை. அவள் சாமை விதைக்கிற கொல்லைக்குப் போகிற தடத்தில் அவன் முள்ளை வெட்டிப் போடுவான். அவள் அந்த முள்ளை எடுத்து அவன் மாட்டுக்கொட்டாய் வாசலில் போட்டுவிட்டு வருவாள். அர்ச்சுனன் பெண்டாட்டி அம்சவல்லி வேறு யாருமல்ல, கெங்கம்மாளின் கூடப்பிறந்த அக்காள். ஒரே வீட்டுக்கு இரண்டு பெண்ணைக் கொடுத்தால் சண்டை வராது என்று நினைத்துத்தான் அப்பன் கொடுத்தான். இரண்டு வீட்டில் கொடுத்திருந்தால் சண்டை போட நடந்தாவது போக வேண்டியிருந்திருக்கும்.

சண்டையெல்லாம் கொல்லையை வைத்துத்தான். மாமனார் சின்னக்குழந்தைக்கு இரண்டு கொல்லை இருந்தன. மேட்டுக்கொல்லை ஒன்று, ஓடைக்கொல்லை ஒன்று. நடுவில் மாட்டுத் தடம். கிழவன் தன் காலத்தில் இருபது முழக் கயிற்றைப் பிடித்து இரண்டையும் சுற்றி வந்து அளந்திருந்தான். மேட்டுக்கொல்லைக்கு நாலு பக்கமும் பத்துப் பத்துக் கயிறு. ஓடைக்கொல்லைக்கும் நாலு பக்கமும் பத்துப் பத்துக் கயிறு. சுற்றி வருவதுதான் அந்த ஊரில் அளவு. சுற்று ஒன்றானால் கொல்லை ஒன்று என்பதில் புதூர்நாட்டு மலைப் பக்கம் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

கெங்கம்மாளின் புருஷன் வீரன் காய்ச்சலில் போன பதினாறாம் நாள், அர்ச்சுனன் ஊரைக் கூட்டிப் பாகம் பிரித்தான். "பெரியவனுக்கு மேடு, சின்னவனுக்கு ஓடை. ரெண்டும் நாலு பக்கமும் பத்துக் கயிறு. ஒரு சாண் கூடக் கொறைய இல்ல" என்றான். ஊர் தலையாட்டியது. கெங்கம்மாளும் தலையாட்டினாள். அன்றைக்கு அவள் எதற்கும் தலையாட்டுகிற நிலைமையில் இருந்தாள்.

அப்புறம்தான் வயிறு கணக்குக் கேட்டது. அர்ச்சுனன் வீட்டில் ஆடி வரைக்கும் சாமைச்சோறு வேகும். அவள் வீட்டில் பங்குனியிலேயே குதிர் காலி. அதற்கப்புறம் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்ற அவள் ரோட்டு வேலைக்குப் போய்ச் சல்லி உடைத்தாள். ஒவ்வொரு வருஷமும் இதே கதை.

விதையும் அப்படித்தான். மேட்டுக்கொல்லைக்கு ஐந்து வள்ளம் சாமை விதைக்க வேண்டும். ஓடைக்கொல்லைக்கு நாலு வள்ளம் போதும், அதற்கு மேல் தூவினால் பயிர் நெருக்கியடிக்கும். ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: ஓடையோரம் ஈரமண்ணு, கம்மி விதையே பிடிக்கும். வீரனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். மண்ணின் குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் கேட்கப் போகிறார்கள்?

எண்பத்தொன்றாம் வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருப்பத்தூரிலிருந்து கோபால் என்கிற பையன் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருவான். வரும்போதே முகம் சுண்டிப்போயிருக்கும். மலை ஏறினால் அவனுக்கு வாந்தி. அந்தக் கோபத்தை முழுக்க வந்திருப்பவர்கள் மேல் காட்டுவான். முப்பது பேர் சேர்ந்தார்கள், ஒரு வருஷத்தில் ஆறு பேர் மிஞ்சினார்கள். கெங்கம்மாள் மிஞ்சினாள். அவனுடைய ஏச்சு அவளுக்கு உறைக்கவில்லை, வீட்டுப் பக்கம் கேட்கிற ஏச்சுக்கு அது பாதிகூட வராது. எழுத்து முடிந்து கூட்டல் பெருக்கல் முடிந்து, அவன் தன் தம்பியின் பழைய ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து நாற்கரம் நடத்தத் தொடங்கினான்.

கரும்பலகையில் இரண்டு படம் போட்டான். ஒன்று நேராக நிற்கிற சதுரம். இன்னொன்று அதே சதுரத்தை யாரோ தோளில் இடித்துத் தள்ளினது போலச் சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் பக்கம் பத்து. சாய்ந்ததற்குள்ளே நேராக ஒரு கோடு இழுத்து, எட்டு என்று எழுதினான்.

"ரெண்டுக்கும் பரப்பளவு போடுங்க."

கெங்கம்மாள் இரண்டுக்கும் நூறு என்று எழுதிக் கொடுத்தாள். அவன் சிலேட்டைப் பார்த்துவிட்டு அவள் மடியிலேயே போட்டான்.

"அந்த எட்டை எதுக்கு எழுதியிருக்கேன், அழகுக்கா?"

"நாலு பக்கமும் பத்துதான சார். சுத்தி வந்தா ரெண்டும் ஒண்ணுதான?"

"சுத்தி வர்றதுக்கு இது கோயிலா? உள்ள இருக்கிற எடத்தைக் கேக்கறேன். சாஞ்சா எடம் கொறையும்."

"எப்படிக் கொறையும்? பக்கம் கொறையலியே."

"உங்களுக்கெல்லாம் சொல்லி…" என்று ஆரம்பித்தவன், என்ன நினைத்தானோ, நோட்டுத் தாளில் அந்தச் சாய்ந்த படத்தை வரைந்து கத்தரித்தான். ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்த மூக்கை நறுக்கி மறுபக்கம் ஒட்டவைத்தான். தாள் நேர் செவ்வகமாக ஆனது. நீளம் பத்து, அகலம் எட்டு. "இப்ப பெருக்கு."

எண்பது. கெங்கம்மாள் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூறுக்கு எண்பது. ஐந்துக்கு நாலு. மேட்டுக்கு ஐந்து வள்ளம், ஓடைக்கு நாலு வள்ளம்.

"சார், அந்த எட்டு… கொல்லையில போய் நின்னா அத எங்கன்னு தேடறது?"

"மேல் வரப்புலருந்து கீழ் வரப்புக்குப் போறதுல எந்த வழி ரொம்பக் கிட்டமோ அதான். கொல்லை கில்லைன்னு என்னை இழுக்காதே. உன் பங்காளிச் சண்டைக்கு சாட்சி சொல்ல நான் மலையேறல."

"உன்ன யாரு கூப்புட்டா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மாமனாரின் கயிறு அர்ச்சுனன் வீட்டுப் பரணில் இருந்தது, கேட்டால் கிடைக்காது. அவளே கற்றாழை நாரில் இருபது முழம் திரித்து எடுத்துக்கொண்டு ஓடைக்கொல்லைக்குப் போனாள். பெரிய பெண்ணைக் கீழ் வரப்பில் ஒரே இடத்தில் நிற்க வைத்து, மேல் வரப்பில் நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலிருந்தும் அவள் வரைக்கும் கயிற்றைப் போட்டுப் போட்டு அளந்தாள். இங்கே வைத்தால் ஒன்பது. கொஞ்சம் தள்ளினால் எட்டரை. இன்னும் தள்ளினால் எட்டு. அதற்கும் தள்ளினால் மறுபடி ஏறியது. எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அதே கயிற்றோடு மேட்டுக்கொல்லை வரப்பில் ஏறினாள். அங்கே எங்கே வைத்தாலும் பத்துக்குக் கீழே வரவில்லை.

அம்சவல்லி சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னாடி, கயித்த இழுத்துனு எங்க வரப்புல கூத்து? யாரனா செத்தா கட்டறதுக்கா?"

"அளக்கறேன் அக்கா."

"மாமனார் அளந்தது பத்தாதா? நாலு எழுத்து படிச்சிட்டா நீ தாசில்தாரா?"

"உங்க கொல்லை நூறு. என்னுது எம்பது. இருபது உங்க வயித்துல கீது."

அம்சவல்லிக்குக் கணக்குப் புரியவில்லை, வயிறு என்றது மட்டும் புரிந்தது. கூடையில் இருந்த சாணியை அள்ளி எறிந்தாள். அது கெங்கம்மாளின் தோளில் விழுந்தது. கெங்கம்மாள் துடைக்காமலே நேராக ஊர்க்கவுண்டர் சின்னதம்பியின் வீட்டுக்குப் போனாள். துடைத்துவிட்டுப் போனால் பாதி வழக்கு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. சின்னதம்பிக் கவுண்டருக்கு அறுபது வயதிருக்கும். வழக்கு என்றால் சீக்கிரம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் நியாயம்.

"எம்மா கெங்கா, மூணு வருஷம் முன்னாடி ஒத்துக்கினு இப்ப இன்னா புதுசா?"

"அப்ப தெரியாதுங்க. இப்ப தெரியுது. என் கொல்லை சாஞ்சி கீது, அதனால எடம் கம்மிங்க."

அர்ச்சுனன் சிரித்தான். ஊரைப் பார்த்துக் கையை விரித்தான். "கேட்டீங்களா? கொல்லை சாஞ்சிடுச்சாம். முட்டுக் குடுத்து நிறுத்தலாமா? தம்பி போனான், தம்பி பொண்டாட்டி பைத்தியமா நிக்கறா. நாலு பக்கமும் பத்துக் கயிறு. இதுல இன்னா கொறை?"

கூட்டம் சிரித்தது. கெங்கம்மாள் சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். பிறகு முறத்தையும், துணியில் முடிந்த சாமையையும், சாண் நீளத்தில் நாலு மூங்கில் சிம்பையும் எடுத்து வைத்தாள். சிம்பு நாலும் ஒரே நீளம், மூலைக்கு மூலை நாரால் தொளதொளவென்று கட்டியிருந்தது. முறத்தின் மேல் அதைச் சதுரமாக வைத்து, உள்ளே சாமையைக் கொட்டி, சிம்பின் உயரத்துக்குக் கையால் வழித்துச் சமன் செய்தாள்.

"இது மேட்டுக்கொல்லை. நாலு பக்கமும் ஒரே அளவு. இப்ப பாருங்க." ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத் தள்ளினாள். சதுரம் சாய்ந்தது. உள்ளே இருந்த சாமை இடம் போதாமல் சிம்புக்கு மேலே பொங்கி நின்றது. அவள் அதை வழித்தாள். வழித்ததில் ஒரு கை நிறைந்தது. "இது ஓடைக்கொல்லை. சிம்பு நாலும் அப்படியே கீது. கையில இருக்கறது எங்கருந்து வந்துச்சு?"

கவுண்டர் குனிந்து சிம்பை விரலால் அளந்து பார்த்தார். சிம்பு நீளமும் ஆகவில்லை, குட்டையும் ஆகவில்லை.

"கைவேலை" என்றான் அர்ச்சுனன். "அழுத்திப் புடிச்சித் தள்றா. நவுரு, நான் பண்றேன்."

"பண்ணு மாமா. நல்லாப் பண்ணு."

அவன் உட்கார்ந்து, சாமையை மறுபடி நிரப்பி, அவள் செய்ததைவிடப் பலமாகத் தள்ளினான். சிம்புகள் ஏறக்குறைய ஒன்றோடொன்று ஒட்டின. சாமை முறத்தைத் தாண்டி அவன் காலிலேயே கொட்டியது. பின்னால் யாரோ, "அர்ச்சுனா, உன் கொல்லையே காணாமப் போச்சுடா" என்றார்கள். இந்த முறை ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் எழுந்து நின்று காலை உதறினான். முகம் கறுத்துவிட்டது.

கவுண்டர் தொண்டையைக் கனைத்தார். "அதான் அங்க நாலு வள்ளம், இங்க அஞ்சு வள்ளமா… நாம ஈரமண்ணுன்னு சொல்லினு இருந்தோம். இன்னா கணக்கு வருது, சொல்லும்மா."

"நூறும் எம்பதும் சேர்ந்தா நூத்தி எம்பதுங்க. பாதி தொண்ணூறு. அவரு பத்து குடுக்கணும். ஒரு கயிறு அகலம் பத்துக் கயிறு நீளம் எடுத்தா, ஒரு கயித்துச் சதுரம் பத்து."

அர்ச்சுனன் எதிர்த்துப் பேசுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் மேட்டுக்கொல்லை இருக்கிற பக்கம் பார்த்தான். திரும்பியபோது முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அந்தத் தெளிவு கெங்கம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"சரிங்க கவுண்டரே. பத்து குடுக்கறேன். மாட்டுத்தடத்த ஒட்டின ஓரத்துல ஒரு கயிறு அகலம் எடுத்துக்கட்டும்."

அந்த ஓரம் ஊருக்கே தெரியும். மேல் பாதி முழுக்கப் பாறை. ஆடு ஏறி உட்காரும், அவ்வளவுதான். கீழ்ப்பாதி மட்டும் மண். மழைத்தண்ணி வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கிற கீழ்க்கோடியில் இரண்டு கயிறு அகலத்துக்கு அர்ச்சுனன் கேழ்வரகு நாற்று விடுவான்; ஒரு கயிறு போனாலும் பாதி நாற்றங்கால் அவனுக்கு மிஞ்சும்.

"பாறையில சாமை மொளைக்குமா மாமா?"

"நீ அளவுதான கேட்டே? மண்ணு கேட்டியா? பத்துன்னே, பத்து தர்றேன். அஞ்சு பாறையா இருந்தா நானா கொண்டாந்து வெச்சேன்?"

"நியாயந்தான்மா" என்றார் கவுண்டர். அவருக்குப் பசி வந்திருந்தது. "அளவை எடுத்துப் பேசினது நீதான. எந்த ஓரம்னு சொல்றது குடுக்கறவன் பாடு."

அம்சவல்லி பெண்கள் கூட்டத்திலிருந்து, "போய்ப் பாறையில ஒக்காந்து பாடம் படிடி" என்றாள்.

மூன்று வருஷக் கஞ்சி, ஒரு வருஷ ஏச்சு, தோளில் பட்ட சாணி, எல்லாம் சேர்ந்து ஐந்து கயிற்றுப் பாறையாக வந்து நிற்கிறது. அழுதால் முடிந்தது. கெங்கம்மாள் தரையில் உட்கார்ந்து, சல்லி ஒன்றை எடுத்து மேட்டுக்கொல்லையின் படத்தைக் கீறினாள். ஓரத்தில் ஒரு கயிறு அகலத்துக்குக் கோடு போட்டாள். அழித்தாள். வேறு மாதிரி போட்டாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

"மாமா, நீ சொன்ன ஓரந்தான் எனக்கு. ஆனா ஒரே அகலமாத்தான் வெட்டணுமா? கோணலா வெட்டினா ஒத்துக்குவியா?"

அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் கெஞ்சுகிறாள் என்று நினைத்தான். "கோணலா வெட்டு, கோழிக்கால் மாதிரி வெட்டு, எனக்கு இன்னா? அந்த ஓரத்த மேலருந்து கீழ வரைக்கும் எடுக்கணும். வேற ஓரத்துல கை வெக்கக் கூடாது. பத்துக்கு மேல ஒரு சாண் போனா கால ஒடைப்பேன்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அவள் கவுண்டரிடம்.

"கேட்டேன், கேட்டேன். சீக்கிரம் ஆவட்டும்."

அவள் கோட்டை இழுத்தாள். பாறை இருக்கிற மேல் மூலையில் அகலமே இல்லை, வெறும் முனை. அங்கிருந்து கோடு கொல்லைக்குள் சாய்ந்து சாய்ந்து இறங்கி, வண்டல் இருக்கிற கீழ் மூலையில் இரண்டு கயிறு அகலத்தில் போய் முடிந்தது.

"மேல ஒண்ணுமில்ல, கீழ ரெண்டு. நீளம் பத்து. இதுவும் பத்துதான்."

"ரெண்டு பத்து இருபதுடி!" என்று அர்ச்சுனன் கத்தினான்.

"முழுசா எடுத்தா இருபது. நான் பாதிதான எடுக்கறேன்."

யாருடைய மடியிலோ வெல்லம் கட்டின செய்தித்தாள் இருந்தது. அவள் அதைக் கேட்டு வாங்கி, நீளவாக்கில் ஒரு துண்டு மடித்துக் கிழித்தாள். அந்தத் துண்டை மூலைக்கு மூலை கிழித்து இரண்டு முக்கோணமாக்கினாள். கவுண்டர் கையை நீட்டினார். அவள் அவரிடம் கொடுக்கவில்லை. பெண்கள் பக்கம் போய், அம்சவல்லியின் கையில் திணித்தாள்.

"அக்கா, நீயே வெச்சுப் பாரு. ஒண்ணு பெருசா இருந்தா சொல்லு. நான் பாறைய எடுத்துக்கினு போய்டறேன்."

அம்சவல்லி ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். சேரவில்லை. அவள் முகம் மலர்ந்தது. "சேரலியே!" என்றாள்.

"திருப்பி வைம்மா, தலகீழா" என்றார் கவுண்டர்.

அவள் திருப்பினாள். விளிம்போடு விளிம்பு போய் உட்கார்ந்தது. அவள் கொஞ்சம் இழுத்து வைத்துப் பார்த்தாள், விலக்கி வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான்" என்றார்கள். அம்சவல்லி தாளைக் கசக்கித் தங்கச்சியின் மேல் எறிந்தாள். "வெளங்காமப் போவே" என்றாள்.

பாறை இப்போது கால் பங்குதான். முக்கால் பங்கு நல்ல மண், அதிலும் வண்டல் முழுக்க அவள் பக்கம். அர்ச்சுனனுக்கு அது உறைக்கச் சிறிது நேரம் ஆனது. உறைத்ததும் கவுண்டரிடம் பாய்ந்தான். "என் நாத்தங்கால் போச்சுங்க! இது ஏமாத்து!"

"எப்படி வேணா வெட்டிக்கோன்னு நீதானடா சொன்னே? கோழிக்கால்னு கூடச் சொன்னே. அளவு பத்து. நீயே சொன்ன ஓரம். இதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

அந்த ஊரில் எல்லைக்கல் நட ஒரு முறை உண்டு. இரண்டு பாகத்தாரும் சேர்ந்து கல்லைத் தூக்கிக் குழியில் இறக்க வேண்டும். ஒருத்தர் கை படாத கல் கல்லே அல்ல, மறுநாள் யார் பிடுங்கிப் போட்டாலும் கேட்க முடியாது. அன்று மத்தியானமே ஊர் மேட்டுக்கொல்லைக்கு நடந்தது. கயிறு இழுத்துக் கீழ்க்கோடியில் குழி தோண்டினார்கள். கெங்கம்மாள் கல்லின் ஒரு பக்கம் கை கொடுத்துக் குனிந்தாள். அர்ச்சுனன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் தொட மாட்டேன்."

கவுண்டர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கெங்கம்மாள் நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னாள்:

"தொட வேணாங்க. பழைய பாகமே இருக்கட்டும். நாலு பக்கமும் பத்துக் கயிறு, ரெண்டும் ஒண்ணுதான்னு அவரு சொன்னாரே, அப்படியே இருக்கட்டும். ஒண்ணுதான்னா மாத்திக்கலாம். மேடு எனக்கு, ஓடை அவருக்கு."

கூட்டத்தில் சிலர், "அதுவும் சரிதான்" என்றார்கள். அர்ச்சுனன் கவுண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான், அவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் அவன் வந்து குனிந்தான்.

இருவரும் தூக்கினார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் இத்தனை பக்கத்தில் நின்றதில்லை. அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. குழிக்கு மேலே கொண்டுவந்ததும் அவன் சொல்லாமல் கையை விட்டான். கல் அவள் பக்கம் சரிந்து, குழியின் விளிம்பில் அவள் விரலை அடித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பெண்கள் பக்கம் "ஐயோ" என்று ஒரு சத்தம் கேட்டது. அது அம்சவல்லியா வேறு யாராவதா என்று கெங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

விரலைப் புடவையில் சுற்றினாள். காலால் மண்ணைத் தள்ளிக் கல்லைச் சுற்றி மிதித்தாள். கல் அசைகிறதா என்று தோளால் ஒரு முறை முட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு ஐந்து கயிறு மேலே நடந்து, ஒரு கயிறு அகலம் வருகிற நடு இடத்தில் குதிகாலால் அடையாளம் போட்டாள்.

"நடுக்கல்லு ஒண்ணு பாக்கி கீது மாமா" என்றாள். "வந்து புடி."